புது வண்டியின் தோல்

கோலசிலாங்கூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த அம்மாள் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "என் மவன் புது ஃபோர்வீல் வண்டிக்குத் தோலு ஒட்டியிருக்கான்."

"தோலா?"

"கண்ணாடியாட்டம் பிளாஸ்டிக்கு. எஸ்டேட் ரோட்டுல கல்லு முள்ளு பட்டு பெயிண்ட் கீறக்கூடாதாம். அந்தத் தோலு கீறினாலும் வெயில்ல நின்னா தானா ஆறிடுமாம்."

"நல்லதுதானக்கா."

"வண்டிப் பூசையன்னிக்கு மஞ்சளக் குழைச்சு பானட்டுல மூணு பட்டை இழுத்துட்டேன். கறை புடிச்சிக்கிச்சு."

"கழட்டிட்டு வேற ஒட்டுனா முடிஞ்சிது லா."

"ஒட்டிட்டான். என்னை வண்டியில ஏத்தத்தான் மாட்டேங்குறான்."

"ஒரு வார்த்தை பேசிப் பாருங்கக்கா."

அம்மாள் ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேசினேன். 'நீ கத்தியால கீறியிருந்தாகூட ஆறியிருக்கும்மா'ங்கிறான்."