புதன் அல்ல, வியாழன்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, அக்காவோடு மல்லுக்கட்டிய இயக்குநர்களே, கலை இயக்குநர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் ஆபரேட்டர் அண்ணன் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் பாருங்கள். அக்காவின் படம். அதன் கீழே இன்றைய தேதி, கிழமை. அந்தக் கிழமையை எழுதுவதற்கு முன் மூன்று பேர் மூன்று காலண்டரைப் பார்த்தார்களாம். இல்லாத ஒருவரிடம் இத்தனை பயமா? பயமில்லை நண்பர்களே, வளர்ப்பு! அவர் உங்களை வளர்த்த வளர்ப்பு!

கிழமை அக்கா போய்விட்டார்.

முப்பத்தோரு ஆண்டுகள். பதினான்கு படங்கள். கதாநாயகன் காலத்தில் பின்னோக்கிப் போகிறான் என்றால் முதலில் தேடப்பட்டவர் அவர்தான். டைட்டிலில் "காலகட்ட விவரங்கள் சரிபார்ப்பு" என்று ஒரு வரி வருமே, அந்த வரி அவர். கூட்டக் காட்சியில் நானூறு பேர் நின்றால் நானூறு பேரின் செருப்பையும் குனிந்து பார்த்தவர். தபால்பெட்டியின் வாய் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டியவர்.

ஒருமுறை, ஒரு பிளாஸ்க் மூடிக்காகப் படப்பிடிப்பை அரைநாள் நிறுத்தினார். இயக்குநர் பொறுமையிழந்து, "அக்கா, டைம் மெஷினையே நம்புறவன் பிளாஸ்க் மூடியையா பாக்கப் போறான்?" என்றார். அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "டைம் மெஷினை நம்பணும்னா பிளாஸ்க் மூடி சரியா இருக்கணும் தம்பி. நாம சொல்றது ஒரே ஒரு பொய். அதைச் சுத்தி எல்லாம் நெசமா இருந்தாத்தான் அது நிக்கும்."

அடுத்து காட்சியில் தொங்கும் நாள்காட்டியின் கிழமையையும் பார்க்க வேண்டும் என்றார். தயாரிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். "இவங்க கிழமை பாத்து முடிக்கிறதுக்குள்ள நான் கிழவன் ஆயிடுவேன்!" அன்று விழுந்த பெயர்தான் கிழமை அக்கா.

இதுவரை சொன்னதை உங்களில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இனிச் சொல்லப்போவதை நான் மட்டுமே சொல்ல முடியும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு படம் வந்தது. தாய் இறந்த நாளுக்கே திரும்பிப் போகிறான் மகன். மருத்துவமனை வராந்தாவில் நாள்காட்டித் தாளைப் பார்த்து, எந்த நாளில் வந்து நிற்கிறோம் என்று உணர்ந்து உடைந்து அழுகிறான். தாளில் இருந்தது 1988 மார்ச் 3, வியாழக்கிழமை. நான் அப்போது எங்கள் பத்திரிகையில், படங்களில் உள்ள பிழைகளைச் சொல்லும் பத்தியை வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டின் ஜனவரி முதல் தேதி வெள்ளி என்பது எனக்கு நினைவிருந்தது. விரல்விட்டு எண்ணினேன். புதன் வந்தது. எத்தனை சந்தோஷம் எனக்கு! தலைப்பு கூடத் தானாக வந்தது: "பொன் கிடைத்தது, புதன் கிடைக்கவில்லை!"

ஊரே சிரித்தது. தியேட்டரில் அந்த மகன் அழும் இடத்தில் "புதன்! புதன்!" என்று கத்தினார்கள். அக்கா அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். படத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் யார்? இதோ, இந்த ஆபரேட்டர் அண்ணன். தான் ஓட்டும் படத்தில் தன் மனைவியைப் பார்த்து ஊர் சிரிப்பதை, புரொஜெக்டர் அறையின் சின்னச் சன்னல் வழியே கேட்டவர். அடுத்த படத்தில் அக்காவின் பெயர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மூன்று ஆண்டுகள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

நண்பர்களே, 1988 லீப் வருடம். நான் பிப்ரவரியை இருபத்தெட்டோடு நிறுத்திவிட்டேன்.

பத்தி வந்த நான்காம் நாள் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பழைய பத்திரிகையின் நகல். 1988 மார்ச் 3 தேதியிட்ட எங்கள் பத்திரிகை! முகப்பில் கொட்டை எழுத்தில் வியாழக்கிழமை. என் மேசையிலிருந்து பதினெட்டுப் படி இறங்கினால் பழைய இதழ்களின் அறை. நான் இறங்கவில்லை. அவர் இரண்டு பேருந்து மாறி வந்து இறங்கிப் பார்த்திருந்தார்.

"திட்ட வரல தம்பி. ஒரு வரி போதும். எனக்காக இல்ல. அந்த நாளு வியாழன்தான். அது புதன்னு யாரும் நெனச்சுக்கிடக் கூடாது."

"அடுத்த வாரம் போட்டுடறேன் அக்கா."

செய்தி ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "காலண்டர் கிழமைக்கெல்லாம் திருத்தமா? எவன்யா ஞாபகம் வச்சிருக்கான்?" உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதன்பின் அக்கா அதைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கே பார்த்தாலும், "நிருபர் தம்பி, இன்னைக்கு என்ன கிழமை?" என்பார். நான் நகைச்சுவை என்று சிரிப்பேன். அது நகைச்சுவையா? பதினோரு ஆண்டுகள் ஒரு மனுஷி வேறு எப்படித்தான் கேட்பார்?

போன வாரம் மருத்துவமனையில் பார்த்தேன். குரல் இறங்கியிருந்தது. "என்ன கிழமை தம்பி?" என்றார். "செவ்வாய் அக்கா" என்றேன். மெல்லத் திரும்பி அண்ணனிடம், "எதுக்கும் நீங்க ஒரு தடவ பாத்துக்குங்க" என்றார். அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். வராந்தாவுக்கு வந்து சுவரிலிருந்த நாள்காட்டியில் கிழமையைப் பார்த்தேன்.

பின்னால் போய்ப் பிழையைத் திருத்த எந்திரம் வேண்டும் என்று அந்தப் பதினான்கு படங்களும் சொல்கின்றன. எனக்கு எந்த எந்திரமும் வேண்டியிருக்கவில்லையே! ஒரு வரி போதுமானதாக இருந்தது. அவர் இருந்த அத்தனை நாளும் அதை எழுத எனக்குக் கையும் இருந்தது, பேனாவும் இருந்தது.

அக்காவின் குறிப்பேடுகள் அறுபத்திரண்டு. அவற்றைச் சங்கத்தின் நூலகத்தில் வைக்க அண்ணன் இசைந்திருக்கிறார். அடுத்து காலத்தில் பின்னோக்கிப் போகிறவன் எவனும் அவற்றைப் புரட்டாமல் போகக் கூடாது. அது உங்கள் பொறுப்பு. எங்கள் பத்திரிகையில் இனி எவரும் ஒரு பிழையைச் சுட்டுமுன் அந்தப் பதினெட்டுப் படியையும் இறங்குவார். அது என் பொறுப்பு.

நாளைய இதழின் முதல் பக்கத்தில் ஒரு திருத்தம் வருகிறது. படிக்கிறேன். "1988 மார்ச் 3 வியாழக்கிழமை. படம் சரி. சரிபார்த்தவர் சரி. தவறு எங்களுடையது."

அண்ணா, இது அச்சுக்குப் போக இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. இந்தத் தாளை உங்களிடம் தருகிறேன். எதற்கும் நீங்கள் ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்.