மூணாவது சக்கரம்

இல்ல தம்பி, அந்த சீட் வேணாம். ஜன்னலோரம்தான், காத்து வரும்தான், இருந்தாலும் வேணாம். இப்படி என் எதிர்ல உக்காருங்க. பேசும்போது மட்டும் என் மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க. இந்த வண்டிச் சத்தத்துல ஒரு எழவும் புரியமாட்டேங்குது.

நானா? நான் இறங்கல. காலையில இது ஷெட்டை விட்டுக் கிளம்பினப்பவே ஏறிட்டேன். இது நாலாவது சுத்து. சிரிக்காதீங்க, வேலைவெட்டி இல்லாதவன் இல்ல. சக்கரம் தட்டுறவன்.

ஆமா, தட்டுறதுதான் வேலை. நீளக் காம்பு வெச்ச சுத்தியல். வண்டி வெளிய போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சக்கரமாத் தட்டணும். எட்டுப் பெட்டி, அறுபத்திநாலு சக்கரம். நல்ல சக்கரம் மணி மாதிரி பாடும். கீறல் விழுந்திருந்தா டொக்குன்னு, ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி. மெஷினா? இருக்கு, மாசத்துக்கு ஒருதரம். தினமும் நான்தான். ஷெட்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்ல. பாம்புக் காதுதான். ஒருதடவை சூப்பர்வைசர் கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுத் தேடியும் தெரியாத கீறலை நான் சொன்னேன். கழட்டிப் பாத்தா இருக்கு! அன்னிலேருந்து நான் தலையாட்டினா வண்டி கிளம்பிடும். அதான் வினையாப் போச்சு.

இன்னிக்கு இந்தப் பெட்டியில மூணாவது சக்கரம். நீங்க உக்காரப் போனீங்களே, அதுக்கு நேர் கீழ. மத்ததெல்லாம் தட்டினா காம்பு வழியா உள்ளங்கையில அதிரும். இது அதிரல. கை மரத்துப்போச்சோன்னு திரும்பத் தட்டினேன். அதே கதை. கூட வேலை பாக்குறவன் பக்கத்துலயே நிக்கிறான். நீயும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுப்பான்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. பாம்புக் காது போய் இன்னொருத்தன் காதைக் கடன் கேக்குறதா? வண்டி போகலாம்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

திட்டுங்க, பரவாயில்ல. சொன்னா காதைச் சோதிப்பாங்க, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மக இன்னும் படிச்சிட்டிருக்கா. இதெல்லாம் ஒரு காரணமாடான்னு நாலு சுத்தா என்னையே கேட்டுக்கிட்டு வர்றேன். ஏதாவது ஆனா நானும் அதுலயே போறேன்னுதான் ஏறினேன். ஆனா போன ஸ்டேஷன்ல ஸ்கூல் பிள்ளைங்க ஒரு கூட்டமே ஏறிடுச்சு. அதுங்களை யாரு கேட்டா?

அதான் உங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். வீட்டுக்காரிக்கே தெரியாது, எட்டு மாசமா எனக்கு ஒண்ணுமே கேக்கல. இவ்வளவு நேரமும் உங்க உதட்டைப் பாத்துத்தான் பதில் சொல்லிட்டிருக்கேன். கொஞ்சம் குனிஞ்சு கேளுங்க தம்பி. கீழ ஏதாவது சத்தம் வருதா?

மூஞ்சியைத் திருப்பாதீங்க, இங்க பாத்துச் சொல்லுங்க. டொக்கு டொக்குன்னா?

எப்பலேருந்து?

நீங்க ஏறினதுலேருந்தேவா?

எந்திரிங்க. சங்கிலி உங்க தலைக்கு மேலதான் இருக்கு, இழுங்க. யாராவது வந்து கேட்டா என்னைக் கை காட்டுங்க. பாம்புக் காதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.