ஒன்றாம் எண் குப்பி

அவைக்குத் தலைமையேற்று, கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் மூத்த மருத்துவர் அவர்களே! இடமும் வலமும் வீற்றிருக்கும் அதிகாரப் பெருமக்களே! எழுபது குப்பி இரத்தத்தையும் இரவு பகல் பாராமல் ஆராய்ந்து முடித்த ஆய்வுக்கூடத்து அன்பர்களே! வேலை முடித்த களைப்போடு வந்து நாற்காலி நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பையைக் காலடியிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கைக்குட்டைக்குள் இருமிக்கொண்டிருக்கும் ஐயா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த மலைச் செவிலியின் பணிவான வணக்கம். இருமுகிற ஐயாவுக்கு இரண்டு வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் சிரிக்க முடியாமல் நிற்கிறேன்.

மேடையின் இந்தக் கோடியில் ஒதுங்கி நிற்கிறாளே, முகக்கவசத்தைக் கழற்றாமல் பேசுகிறாளே, சன்னலையெல்லாம் திறக்கச் சொன்னாளே என்று யோசிக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை நான் மலையேற வேண்டும். ஏறுவதற்கு முன் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்துக்கொள்வது என் வழக்கம். சற்று முன் வாசலில் அதைச் செய்தேன். விடை தெரியப் பதினைந்து நிமிடம் ஆகும்; ஒரு கோடு என்றால் தொற்று இல்லை, இரண்டு என்றால் உண்டு. மூன்றாவது நிமிடத்திலேயே விழாக்காரர் ஓடிவந்து, "அம்மா, தலைவருக்கு அவசரமா போகணுமாம், உங்களை முதல்ல பேசச் சொல்லிட்டார், வாங்க வாங்க" என்று இழுத்துவந்துவிட்டார். அந்தச் சோதனைப் பட்டை இதோ இந்த மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறது. அது யோசிக்கட்டும். அதுவரை நான் பேசுகிறேன்.

என்னைப் பாராட்ட அழைத்தீர்கள். பழங்குடி மக்களின் உடம்பை அந்தக் கொள்ளை நோய்க் கிருமி எவ்வளவு தூரம் தொட்டிருக்கிறது என்று இரத்தத்தை வைத்து அளந்தீர்கள். அந்த இரத்தத்தை எடுத்துவந்த கை என் கை. அதற்காகப் பாராட்டு, பரிசு, பட்டயம்! ஆனால் அந்த அளவையில் ஒரு குப்பி விடுபட்டிருக்கிறது, பெரியோர்களே. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உலகமே கதவடைத்த காலம் அது. கடை அடைப்பு, பள்ளி அடைப்பு, பாதை அடைப்பு! மலையடிவாரத்தில் தடுப்புக் கட்டை போட்டார்கள். அரிசி வண்டி அடிவாரத்தோடு நின்றது. வியாபாரி போகவில்லை, விருந்தாளி போகவில்லை. மேலே போக அனுமதி பெற்றவை இரண்டே கால்கள். யார் கால்கள்? என் கால்கள்! வாராவாரம் ஏறினேன். இரத்த அழுத்த மாத்திரை கொடுத்தேன், கர்ப்பிணிகளின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், கைக்குழந்தைகளைத் தூக்கி எடை போட்டேன். மாதம் முடிந்ததும் பதிவேட்டில் எழுதினேன்: தொற்று, பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து அலுவலகமே என்னைத் தட்டிக்கொடுத்தது. நானும் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன்.

அந்த ஊரை ஓர் ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. மழையில் மரப்பாலம் போய்விட்டதால் அக்கரைக்கு நான் போகவில்லை. இக்கரைக்கு மட்டும் போனேன். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இக்கரையில் ஒருத்தி இருக்கிறாள். ஊரே அவளை 'முதல்வாய்' என்று கூப்பிடும். வெளியிலிருந்து எது வந்தாலும், கொண்டுவந்தவர்தான் முதல் வாய் வாங்க வேண்டும் என்பது அவள் சட்டம். சத்துமாவு கொண்டுபோனால் நான்தான் முதலில் தின்ன வேண்டும். இருமல் மருந்து கொண்டுபோனால் நான்தான் முதலில் ஒரு மூடி குடிக்க வேண்டும். இருமலே இல்லாமல் நான் குடித்த இருமல் மருந்து இந்த மன்றத்துக்கே போதும்!

அவளுடைய கணவர் மூங்கில் வெட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது. நான் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறும் ஏற்றத்தை மூங்கில் கட்டோடு மூச்சிரைக்காமல் ஏறுவார். "என்ன நர்சம்மா, மலை உங்களை ஏறுதா, நீங்க மலையை ஏறுறீங்களா?" என்று கேலி செய்வார். அந்த மனிதர் ஒரு திங்கட்கிழமை படுத்தார். ஆறாம் நாள் மூச்சுக்குத் தவித்தார். நான் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தேன். தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இறப்புக் காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது என்ன தெரியுமா? மூச்சிரைப்பு நோய்! மலையில்தான் தொற்றே இல்லையே, வேறென்ன எழுதுவேன்?

மாதங்கள் கழிந்தன. இரத்தம் எடுத்து அளக்க உத்தரவு வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஊசியைப் பார்த்ததும் ஒருவரும் கை நீட்டவில்லை.

"இந்த நோய் வர்றதுக்கு முன்னாடியும் ஒரு கூட்டம் வந்து எடுத்துட்டுப் போச்சு. என்ன இருந்துச்சுன்னு வந்து சொன்னாங்களா?" என்று கேட்டாள் முதல்வாய்.

"நான் வந்து சொல்றேன்."

"சரி. அப்போ முதல் குத்து உனக்கு."

"எனக்கு எதுக்கு? இது உங்களுக்கான சோதனை."

"கொண்டு வந்தது நீதானே? அவங்கவங்களுக்கு என்னன்னு அவங்கவங்க காதுல சொல்லு. உன்னோடதை மட்டும் எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லணும். சம்மதம்னா கையை நீட்டுறோம்."

நீட்டினேன். ஒன்றாம் எண் குப்பி என்னுடையது. அதற்குப் பிறகு, தண்ணீர் வடிந்த ஓடையைக் கடந்து வந்த அக்கரைக்காரர்களையும் சேர்த்து எழுபது பேர் வரிசையில் வந்தார்கள்.

அன்பர்களே, அந்தச் சோதனை என்ன சொல்லும்? விருந்தாளி போன பிறகும் வாசலில் கால்தடம் இருக்குமே, அதுபோல, கிருமி வந்துபோன தடம் இரத்தத்தில் இருக்கும். அவ்வளவுதான் சொல்லும். விடைத்தாள் வந்தது. இக்கரையில் நாற்பது பேரில் முப்பத்திரண்டு பேருக்குத் தடம் இருந்தது. அக்கரையில் முப்பது பேரில் இரண்டே பேருக்கு. யார் அந்த இரண்டு பேர்? தாய்க்கு மாத்திரை வாங்க இடுப்பளவு தண்ணீரில் ஓடையைக் கடந்து என்னிடம் வந்த அண்ணனும் தங்கையும்!

ஒன்றாம் எண்ணுக்கு நேரே பார்த்தேன். இருந்தது, பெரியோர்களே. எனக்கும் தடம் இருந்தது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை! ஒரு நாள் படுக்கவில்லை, ஒரு நாள் விடுப்பெடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்துப் பெரியவர் நல்ல மனிதர். "அம்மா, இதை வெச்சு நீங்கதான் கொண்டு போனீங்கன்னு சொல்ல முடியாது" என்றார். "நான் கொண்டு போகலைன்னு சொல்ல முடியுமா சார்?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அறிக்கை எழுதியவரோ, "நீங்க பழங்குடி இல்லையே, உங்க குப்பியை எடுத்துடலாம், எண்ணிக்கை எழுபதுன்னு சரியா நிக்கும்" என்றார். உள்ளதைச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது! வீட்டுக்காரரும் சொன்னார்: "யாரு கேக்கப் போறாங்க? வாயை மூடிக்கிட்டு இரு." மூன்று வாரம் மூடிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவினேன், கழுவினேன், தோல் உரியும்வரை கழுவினேன். எந்தக் குழந்தையைத் தூக்கினேன், யார் முகத்தருகே குனிந்தேன் என்று ஒவ்வொரு வீடாக நினைவுக்கு வந்தது. பயம், தாய்மார்களே, பச்சைப் பயம்!

பிறகு ஏறினேன். அவரவர் விடையை அவரவர் காதில் சொன்னேன். கடைசியில் நடுவில் நின்று, "குப்பி ஒண்ணு. எனக்கு இருந்திருக்கு" என்றேன். குரல் வரவில்லை என்று இரண்டாம் முறையும் சொல்லவைத்தார்கள்.

"அவர் படுத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள் முதல்வாய்.

"அதை ரத்தம் சொல்லாது அக்கா."

அவள் வீட்டுக்குள் போனாள். வெளியே வரும்வரை நான் அங்கேயே நின்றேன். எதை எடுத்துக்கொண்டு வருவாளோ என்று வாசலையே பார்த்திருந்தேன். வெறுங்கையோடு வந்தாள்.

"அழாதே. நீ அழுதா எனக்கு என்ன ஆகப் போகுது? இனிமே ஒவ்வொரு தடவையும் முதல்ல உன்னைப் பார்த்துட்டு, அப்புறம் எங்களைப் பார்க்க வா. உன்கூட வர்றவங்களுக்கும் அதேதான்."

மன்னித்தாளா என்று கேட்கிறீர்கள். இல்லை. இன்றுவரை என் கையிலிருந்து அவள் மாத்திரை வாங்குவதில்லை. "கீழே வை, எடுத்துக்கிறேன்" என்பாள். வைத்துவிட்டு நான் விலகிய பிறகுதான் எடுப்பாள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்: சுருக்கமாக முடிக்கவும். முடிக்கிறேன் ஐயா. முடிக்க வேண்டியதே இனிமேல்தான் இருக்கிறது.

நாளைக் காலை நான்கு வண்டிகளில் நாற்பது பேர் அந்த மலைக்குப் போகிறோம். எதற்கு? ஆய்வு முடிந்ததைக் கொண்டாட! வீட்டுக்கு வீடு பரிசுப் பொட்டலம் கொடுக்க! கட்டிப்பிடித்துப் படம் எடுக்க! இந்த வாரம் இந்த நகரத்தில் மறுபடியும் காய்ச்சல் கிளம்பியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், இருமுகிற ஐயாவுக்கு நன்றாகவே தெரியும். அந்த மலைக்கு யார் கொண்டுபோனார்கள் என்று அளந்தோமா? அவர்கள் இரத்தத்தை அளந்தோமே, நம் மூச்சை அளந்தோமா? அக்கரையில் இருபத்தெட்டு பேர் இன்னும் தடம் படாமல் இருக்கிறார்கள். புதுப் பாலம் போட்டாகிவிட்டது. நாளை அந்தப் பாலத்தில் நடக்கப் போவது யார்?

பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. பட்டையைத் திருப்புகிறேன்.

ஒரு கோடு. அது எல்லோருக்கும் வரும் கோடு. அதன் கீழே... விளக்கை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள், தம்பி. மங்கலாக இன்னொன்று.

இரண்டு.

உட்காருங்கள், ஓடாதீர்கள். என்னைப் பாருங்கள்! தும்மல் இருக்கிறதா? துவண்டிருக்கிறேனா? குரல் கம்முகிறதா? அன்றைக்கும் இப்படித்தான் இருந்தேன், அன்பர்களே. இப்படித்தான் மலையேறினேன். இப்படித்தான் அந்த மனிதரின் முதுகைத் தாங்கினேன். நாளை நான் ஏறமாட்டேன். சோதிக்காத ஒருவரும் ஏறக் கூடாது. பக்கக் கதவு வழியாக நான் இறங்கிப் போகிறேன். வாசலில் என் தோழி, அவளும் செவிலிதான், குச்சிப் பெட்டியோடு நிற்கிறாள். முதல் வாய் நான் வாங்கிவிட்டேன். தலைவர் அவர்களே, அடுத்த வாய் உங்களுடையது.

பொறுமையாகக் கேட்ட அவைக்கும், முதல் குத்தை என் கையில் குத்தச் சொன்ன அந்தத் தாய்க்கும் என் நன்றி. தூரத்தில் நின்றே கைகூப்புகிறேன். வணக்கம்.

ஐயா, பட்டயத்தோடு பக்கத்தில் வராதீர்கள். கீழே வையுங்கள். எடுத்துக்கொள்கிறேன்.