மிக்ஸிக்கு வேண்டிய மொட்டை

திருத்தணி மலையில் மொட்டை போடும் வரிசை. எனக்கு முன்னால் ஓர் அம்மாவும், இருபத்தைந்து வயதிருக்கும் மகனும். அந்த அம்மா திடீரென்று கேட்டார்:

“ஏன்டா, இந்த மொட்டை செல்லுமா?”

“ஏம்மா செல்லாது?”

“நீ இன்ஜினியர் வேலைக்குப் போனா முடி குடுக்கறேன்னுதானே வேண்டிக்கினேன்? நீ ஃபைனான்ஸ் கம்பெனில இல்ல சேந்திருக்க.”

“இன்ஜினியரிங் படிச்சதாலதாம்மா எடுத்தாங்க. எந்த ஃபேக்டரிக்கு லோன் குடுக்கலாம்னு நான்தான் மிஷினைப் பாத்து சொல்றேன்.”

“அதெல்லாம் முருகனுக்குப் புரியும். எனக்குத்தான் புரியல.”

சொல்லிவிட்டு அம்மா தானாகவே சிரித்தார்.

“ஆறாவது படிக்கறப்போ மிக்ஸியப் பிரிச்சிப் போட்டுட்டு நடுவுல உக்காந்துகினு இருந்த. அப்பா அடிக்க வந்தாரு. ‘உடுங்க, புள்ள இன்ஜினியராவான்’னு நான்தான் தடுத்தேன். அன்னிக்கு வேண்டிக்கினதுடா இது.”

“மறுநாளே ஓட வெச்சேன்ல?”

“ஆங், ஓட வெச்ச. அது போட்ட சத்தத்துல தெருவே எழுந்துக்கிச்சி.”

மொட்டை போடுகிறவர் கூப்பிட்டார். நகர்ந்த மகனின் கையைப் பிடித்து நிறுத்தினார் அம்மா.

“இப்போ இருக்கற மிக்ஸியும் ஓடல. கடைக்குக் குடுக்காம வெச்சிகினு இருக்கேன். வீட்டுக்குப் போனதும் பிரிச்சிப் பாரு. அப்போ செல்லும்.”