ஷிப்ட் மாறும் இருபத்து மூன்று நிமிடங்கள்

மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாருக்கும் கண் சொக்கும். எனக்கு அப்போதுதான் வேலை ஓடும். அன்றும் அப்படித்தான் இருந்தது, ஐயா.

எங்கள் முதியோர் இல்லத்தில் நாற்பது அறைகள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் நர்சுகள் அறையில் மணி அடிக்கும், யாராவது ஓடுவார்கள். மணிக்குப் பதிலாக, அழைப்பு நேரே பணியில் இருக்கும் நர்சின் போனுக்குப் போகிற மாதிரி ஒரு புதிய மென்பொருள் வந்திருந்தது. அதை வாங்கினால் நிறுவனத்துக்கு லாபமா, வேலை மிச்சமாகுமா என்று ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து அறிக்கை தருவது என் பொறுப்பு.

முதல் வாரம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடின. அதுதான் வினை. நர்சுகள் மணிச்சத்தம் கேட்டு ஓடிப்போய் வேலையை முடித்துவிட்டு, பிறகு சாவகாசமாகப் போனில் தட்டினார்கள். இதில் எதை அளப்பது? மணியின் இணைப்பைக் கழற்றினேன்.

தலைமை நர்சு வந்து நின்றார். "ரெண்டும் ஒரு மாசம் ஓடட்டும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"ரெண்டு தோணியில கால் வெச்சா எப்படி சிஸ்டர்? போகப் போகப் பழகிடும்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் வாரம் ஒரு குறை கண்ணில் பட்டது. இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். போகிறவர் போனில் லாக்-அவுட் செய்துவிடுவார்; வருகிறவர், யாருக்கு என்ன மருந்து என்று கேட்டு முடித்த பிறகுதான் லாக்-இன் செய்வார். நடுவில் வரும் அழைப்பு யாருக்கும் போகாமல் அப்படியே நிற்கும். விற்க வந்தவரிடம் சொன்னேன். "அப்படி நடக்கவே நடக்காது சார். நடந்தா காட்டுங்க" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடமாக என் பேச்சை யாரும் அப்படித் தட்டியதில்லை.

அடுத்த செவ்வாய், இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு ஒன்பதாம் அறையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியை ஒருவர் இருந்தார், இதய நோயாளி. அழைப்புகளைக் காட்டும் என் கணினித் திரையில் அந்த வரி சிவந்தது. நர்சுகள் தாழ்வாரக் கோடியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போனால் அளவு கெட்டுப்போகும். தாளை எடுத்து நேரத்தைக் குறித்தேன். பதினான்கு தடவை அமுக்கினார். முதல் ஏழு அடுத்தடுத்து, மற்றவை விட்டு விட்டு. கடைசி அழைப்பு இரண்டு பதினேழுக்கு. புதிய நர்சு லாக்-இன் செய்தது இரண்டு இருபத்தாறுக்கு. அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தலைமை நர்சு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அன்று மாலையே அறிக்கையை முடித்தேன். அடுத்தவர் உள்ளே வராமல் முதலாமவர் வெளியேற முடியாதபடி மாற்ற வேண்டும் என்று எழுதினேன்; விற்பவர் மறுபேச்சில்லாமல் திருத்திக் கொடுத்தார். இன்று நாற்பது அறைக்கும் அதுதான் ஓடுகிறது. அதனால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எனக்கு ஏதாவது காதில் விழுந்ததா என்கிறீர்கள். என் மேசை, அந்த மாதம் காலியாக இருந்த பத்தாம் அறையில். நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். விழுந்தது. "பக்கத்துலதானே இருக்கீங்க தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார். அது பட்டன் வழியாக வந்த அழைப்பல்ல; அதனால் பதிவில் சேர்க்கவில்லை.