வெட்டுப்படாத இலக்கு

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு போல்டர் நகரத்து நடைபாதைகளைத் தேய்ப்பது நான்தான். எண்பதுகளில் ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான், மேசைக்கு மேசை உலாத்துவேன். அதனால் லோரெட்டா தன் சோதனைக் குழாய்களைக் குளிரவைத்திருந்த ஐஸ் வாளியருகே நான் நின்றது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

உதவித்தொகையில் எங்கள் கூடத்துக்கு வந்த இளம் ஆய்வாளர் அவள், நெப்ராஸ்காக்காரி, படு கெட்டி. தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்ளும் ஆர்.என்.ஏ. எங்கள் தொழில். வெட்ட வேண்டிய இடத்தை அது எப்படி அறிகிறது? மொத்த மடிப்பின் வடிவத்தால் என்று நான் ஊர் ஊராகப் பேசிவந்தேன். அவளோ, அதற்குள்ளேயே ஒரு சின்ன வழிகாட்டித் துண்டு இருக்கிறது, அதன் எழுத்துகள் வெட்டுப்பட வேண்டிய இலக்கின் எழுத்துகளோடு ஜோடி சேருகின்றன, அவ்வளவுதான் என்றாள்.

"வழிகாட்டியில ஒரு எழுத்த மாத்துறேன், வெட்டு நின்னுடும். இலக்குல அதோட ஜோடியையும் மாத்துறேன், மறுபடி வெட்டும். அன்னைக்கு உங்க வடிவத்த மடிச்சு பாக்கெட்டுல வெச்சுக்கங்க, ஹார்லன்."

கூடமே சிரித்தது. ராக்கி மலைகளும் குலுங்கின என்று சத்தியம் செய்வேன். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

முதல் பாதி அவள் சொன்னபடி நடந்தது, வெட்டு நின்றது. அடுத்ததற்காக, எழுத்து மாற்றிய இலக்கைத் தனித் துண்டாகச் செய்து குழாயில் வைத்திருந்தாள். அதைக் கெடுப்பது சுலபம், வெறும் விரல் பட்டாலே ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். ஆனால் முடிவைப் பதிக்கும் எக்ஸ்ரே பிலிமில் சிதைவு நீண்ட கறையாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். எனவே ஒழுங்காகக் கையுறை போட்டு, அந்தக் குழாயில் இருந்ததை எடுத்துவிட்டு, எழுத்து மாற்றாத பழைய இலக்கை நிரப்பினேன். சுத்தமான, முழுசான சரக்கு. வெட்டு மட்டும் விழாது.

விழவில்லை. அவள் புதிதாகச் செய்தாள், நான் மறுபடி மாற்றினேன். அவள் தூங்குவதை விட்டாள்.

"என் கைதான் சரியில்ல போல, ஹார்லன். இது வரலைன்னா உதவித்தொகை அவ்ளோதான்."

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உனக்கு அவசரம், கண்ணு. ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இரு."

போனவள் திரும்பவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று எழுந்து எழுந்து பார்க்கிறாளாம், அவள் தங்கை சொன்னாள். பதற்றப்படும் சுபாவம், பாவம்.

குழாயிலிருந்து எடுத்த அவளுடைய இலக்கை நான் கொட்டிவிடவில்லை. நல்ல வேலையை வீணாக்க மனம் வராது. அவள் போன பிறகு, அவள் மாற்றிய வழிகாட்டியோடு சேர்த்துச் சோதித்தேன், அற்புதமாக வெட்டு விழுந்தது. என் பெயரில் வெளியிட்டேன். வடிவம் பற்றி முன்பு நான் சொன்னது தவறு என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன், கண்டம் கண்டமாகக் கைதட்டினார்கள்.

நன்றி சொல்லும் வரியில் அவள் பெயரையும் சேர்த்தேன். வேறொருவராக இருந்தால் அந்தப் பெண்ணை மறந்தே போயிருப்பார்.