தேன்மொழி இல்லாத புத்தகம்

கதையாக வந்ததைப் படமாக எடுத்தால் கெட்டுப்போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் கம்பெனியிலும் சொன்னார்கள். அப்போது நான் நிஜத்தைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இன்று இந்தப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை, உங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வீணாகியிருக்காது.

என் பெயர் மருதம்மாள். வயது நாற்பத்தேழு. மண்ணரையில் செங்கோட்டையன் முதலாளியின் பனியன் கம்பெனியில் பதினான்கு வருடமாகச் செக்கிங் வேலை. அயர்ன்காரர் அப்புசாமியை உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் அடுப்பை அணைக்காமல் போனதால்தான் வேஸ்ட் ரூம் தீப்பிடித்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்களாம். அவர் மேல் தப்பில்லை, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதையும் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல இந்த ரைட்டர் தம்பி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறார். நான் ஊடு என்றால் அவர் வீடு என்று போடுகிறார். பரவாயில்லை. எழுத்தில் வரும்போது கொஞ்சம் இஸ்திரி போட்டால்தான் நன்றாக இருக்கும்.

செக்கிங் என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. தைத்து வந்த பனியனை விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, பிசிறு நூலை வெட்டி அடுக்க வேண்டும். தார்ப்பாய் விரித்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்காருவோம். தையல் மிஷின் ஓடும் இடம் வேறு என்பதால் எங்கள் பக்கம் சத்தம் இருக்காது. கண்ணுக்கும் கைக்கும் வேலை, காதுக்கு வேலை இல்லை. அதனால் ஒருத்தி கதை வாசிப்பாள். வாசிக்கிறவள் கத்தரிக்கோலைத் தொட வேண்டாம். அவள் பங்குப் பீஸ்களை மற்றவர்கள் ஆளுக்கு நாலைந்தாகப் பிசிறு வெட்டி அவள் அடுக்கில் வைத்துவிடுவார்கள். இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை, அப்படியே வந்த பழக்கம். பன்னிரண்டு வருடமாக அந்த வாசிக்கிறவள் நான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

தம்பி எழுதுவதை நிறுத்திவிட்டாரே. எழுதுங்கள், நிஜம்தான்.

என் வீட்டுக்காரர் அர்த்தநாரி அனுப்பர்பாளையத்தில் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிற வேலை பார்த்தார். கல்யாணச் சீருக்கு வாங்குகிற குடத்தில், தட்டத்தில், டப்பாவில் உளி வைத்துத் தட்டித் தட்டி எழுத்துப் போடுவார். வெள்ளிக்கிழமை வந்தால் வாரப் பத்திரிகை வாங்கி வருவார். நான் அடுப்படியில் இருக்கும்போது, வாசற்படியில் உட்கார்ந்து தொடர்கதையை எனக்கு வாசிப்பார். எனக்கு ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பத்திரிகையைக் கம்பெனிக்கு எடுத்துப்போய், பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுவேன். வாசிக்கிறேன் என்று அவர்கள்தான் நினைத்தார்கள். ‘மருதக்கா என்னமா வாசிக்குது பாரு’ என்று நஞ்சம்மாள் சொன்னாள். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதுவரை யாரும் என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எண்பத்து நான்கில் கோகிலவாணியின் கதை வந்தது. புருஷன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு பெண்ணின் கதை. ஒன்பதாவது வாரம் வந்தபோது என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. பதினொன்றாவது வாரத்தில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். அந்த வாரப் பத்திரிகையை நஞ்சம்மாளே வாங்கி வைத்திருந்தாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பக்கத்தைத் திறந்தேன். ஒரு பெண் ஜன்னல் பக்கத்தில் நிற்கிற படம் போட்டிருந்தது. படத்தைப் பார்த்தேன். கோகிலவாணி கர்ப்பமாக இருக்கிறாள் என்று ஆரம்பித்தேன். ஒரு வாரத்துக்குச் சமாளித்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அது எட்டு வருடமாகிவிட்டது. எத்தனையோ கதை, எல்லாம் படத்தைப் பார்த்துச் சொன்னதுதான். கோகிலவாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தேன்மொழி என்று பெயர் வைத்தேன். புருஷன் நோயில் விழுந்து, சாகும்முன் அவளைக் கூப்பிட்டு, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். அன்று பன்னிரண்டு பேரும் அழுது, ஒரு மணி நேரம் பீஸே நகரவில்லை. சூப்பர்வைசர் வந்து கத்திவிட்டுப் போனார். அந்த வருடம் பிறந்த மகளுக்கு நஞ்சம்மாள் தேன்மொழி என்றே பெயர் வைத்தாள். அது இப்போது மூன்றாவது படிக்கிறது.

எனக்குப் பிள்ளை இல்லை.

இந்த வருடம் அந்தக் கதையை டிவியில் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பதின்மூன்று வாரம். முதலாளியே சாப்பாட்டு ஹாலில் கலர் டிவி வைத்திருந்தார். அரைமணி நேரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். எல்லோரும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போனார்கள், கல்யாணத்துக்குப் போவதுபோல. நான்காவது வாரம் முடிந்தது. குழந்தையைக் காணோம். கோகிலவாணி கர்ப்பமாகவே இல்லை. மெட்ராசில் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள்.

நஞ்சம்மாளுக்கு வந்த கோபம் இருக்கிறதே. "ஏனுங்க்கா, தங்கமாட்ட ஒரு புள்ளய எங்க கொண்டுபோய்த் தொலச்சானுங்க? எழுதுனவரு ஒண்ண எழுதி வெச்சா இவனுங்க ஒண்ண எடுப்பானுங்களா? கேட்க ஆளில்லீன்னு நெனச்சுட்டானுங்களா?" என்று ஹாலிலேயே கத்தினாள்.

நானும், டிவிக்காரர்கள் இப்படித்தான், காசு மிச்சம் பிடிக்கக் குழந்தையை எடுத்திருப்பார்கள் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் டிவி ஸ்டேஷனுக்குக் கடிதம் போட வேண்டும் என்று நஞ்சம்மாள் கிளம்பிவிட்டாள். என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். கை வலிக்கிறது, சாயிரா எழுதட்டும் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

சாயிரா பானு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இருபத்திரண்டு வயது. அவள் அத்தா தவறியபின் அம்மா முனவர் பேகத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். பத்தாம் வகுப்பு முடித்தவள், அவளைத் தவிர வட்டத்தில் யாருக்கும் எழுத்துத் தெரியாது. அவ்வளவு படித்தும் வாசிக்கிற இடத்துக்கு அவள் ஒருநாளும் போட்டிக்கு வரவில்லை. "நீங்க வாசிச்சாத்தானுங்க்கா கதையாட்ட இருக்குது" என்பாள். என் அடுக்கில் எல்லோரும் நாலு பீஸ் வைத்தால் அவள் ஆறு வைப்பாள். நல்ல பெண். இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். எந்த அத்தியாயத்தில் குழந்தை பிறக்கிறது என்று குறிப்பிட்டு எழுதினால்தான் கடிதத்துக்கு மதிப்பு என்று, வாடகை நூலகத்தில் தேடி, பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்து பைண்ட் செய்து வைத்திருந்த புத்தகத்தை எடுத்து வந்துவிட்டாள். சனிக்கிழமை வட்டத்தில் அந்த அத்தியாயத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று நஞ்சம்மாள் சொல்லி வைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் சாயிரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, முழுசும் பாத்துட்டனுங்க. இதுல தேன்மொழியே இல்லீங்க்கா" என்றாள். பத்திரிகையில் வந்தது, பைண்டிங்கில் பக்கம் விட்டுப்போயிருக்கும் என்றேன். அவளும் இருக்கும் இருக்கும் என்றாள். அப்புறம் என் சாப்பாட்டு டப்பாவின் மூடி அவள் கண்ணில் பட்டது.

"டப்பா மாறிப்போச்சுங்களா அக்கா? இதுல மரகதம்னு வெட்டியிருக்குதுங்க."

அந்த டப்பா கல்யாணமான வருடம் என் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. மூடியின் உள்பக்கம் எழுத்து வெட்டியிருக்கும். உன் பேர்தான், பார் என்று என் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் நடத்தினார். இருபத்தைந்து வருடமாக அதைத் தேய்க்கும்போது எழுத்து அழிந்துவிடக் கூடாது என்று சாம்பல் போடாமல் தேய்த்தேன். யாரோ மரகதத்துக்கு வெட்டி, அவர்கள் வாங்காமல் போன டப்பாவாக இருக்கும். எனக்காக வெட்டியது என்று சொன்னால் சந்தோஷப்படுவேன் என்று சொல்லியிருப்பார். தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று எனக்கு அது தெரியாது. "என் பேருதான் போட்டிருக்குது, நல்லாப் பாரு கண்ணு" என்றேன்.

அவள் மூடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புத்திசாலிப் பெண், அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது அவளுக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க்கா. சத்தியமா. சனிக்கிழமை, பக்கம் கிழிஞ்சு கெடக்குதுன்னு சொல்லிப்போடறேன். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. தினமும் சோத்து வேளையில எழுத்துச் சொல்லித் தாறனுங்க, ஒரே மாசத்துல படிச்சிருவீங்க."

சொல்ல மாட்டாள், எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். பயந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று எழுதாதீர்கள், பயம் இல்லை. இனி நான் ஒவ்வொரு நாளும் பத்திரிகையை விரிக்கும்போது வட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் அதே பாசத்தோடு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். என் அடுக்கில் ஆறு பீஸ் வைப்பாள். அதை நினைத்தால் உடம்பு முழுக்க அசதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் அந்த அசதிதான்.

சனிக்கிழமை காலையிலேயே கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லாத நாளில் அப்புசாமி பழைய கரி இஸ்திரிப்பெட்டியை எடுத்துவிடுவார். வேஸ்ட் ரூமுக்கு வெளியேதான் அவர் கரி அடுப்பு. கட்டிங்கில் விழுகிற துண்டுத் துணியும் பஞ்சும் அந்த அறையில்தான் ஆள் உயரத்துக்குக் கிடக்கும். மெத்தென்று இருக்கும் என்று சாயிரா மதியத்தில் அதன்மேல் உட்கார்ந்துதான் படிப்பாள். அப்புசாமி சாப்பிடப் போயிருந்தார். எல்லோரும் சாப்பாட்டு ஹாலில் இருந்தார்கள்.

சாயிரா வேஸ்ட் ரூமுக்குள் கடைசி அத்தியாயத்தை மெல்லிய குரலில் வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கம் கிழிந்திருக்கிறது என்று சொல்லப் போகிறவள், முழுக் கதையையும் ஒருதரம் வாய்விட்டுப் படித்துவிட ஆசைப்பட்டிருப்பாள். நான் கதவுக்கு வெளியே கீழே உட்கார்ந்து கேட்டேன். புருஷன் கடிதம் போடுகிறான். கோகிலவாணி அதைப் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். திரும்பிப் போகவே இல்லை. நன்றாக இருந்தது. எட்டு வருடம் கழித்து அந்தக் கதையின் முடிவை அன்றுதான் நான் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முடிகிறவரை காத்திருந்தேன், நடுவில் எதுவும் செய்யவில்லை.

வேஸ்ட் ரூம் கதவை வெளியே தாழ் போட வேண்டும் என்பது எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இல்லாவிட்டால் தெருவில் திரிகிற ஆடு உள்ளே புகுந்து துணியைத் தின்றுவிடும். தாழ் போட்டேன். அடுப்பிலிருந்து கரண்டியில் நெருப்பை அள்ளினேன். அடுப்புக்கு மேலேயே சுவரில் கம்பி போட்ட ஜன்னல் இருக்கிறது, அதன் வழியாகப் போட்டேன். மூன்று கரண்டி. புத்தகம் எரிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

பஞ்சு சட்டென்று கொழுந்துவிடாது, முதலில் புகைதான் வரும். அவள் கதவைத் தட்டினாள். பத்துப் பதினைந்து தடவை இருக்கும். "அக்கா, மருதக்கா, வெளிய இருக்கறீங்களா" என்றாள். நான் இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. பிறகு தட்டுவது நின்றது. நான் கரண்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். டப்பாவைத் திறக்கவில்லை.

நான்கு நாள் கம்பெனி மூடிக் கிடந்தது. வியாழக்கிழமை திறந்தார்கள். அன்றுதான் அப்புசாமியைக் கூட்டிப் போனீர்கள். வட்டத்தில் யாருக்கும் கை ஓடவில்லை. "மனசு தாங்கலீங்க்கா, என்னமாச்சும் வாசிங்க" என்று நஞ்சம்மாள் அழுதாள். வாசித்தேன். நன்றாகவே வந்தது. நேற்று அப்புசாமியின் மனைவி கம்பெனி வாசலில் வந்து மண்ணில் விழுந்து அழுதாள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் வந்தேன்.

எழுதி முடித்துவிட்டீர்களா. வாசித்துக் காட்ட வேண்டும் என்று சட்டமாம், நல்ல சட்டம். வாசியுங்கள்.

தம்பி நன்றாக வாசிக்கிறார். இதில் எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறாரா என்று எனக்குத் தெரியப்போவதில்லை, ஆனாலும் நம்புகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. கைநாட்டு வைப்பதற்குமுன் ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். அவள் கதவைத் தட்டியது, என்னைக் கூப்பிட்டது, அந்த நாலு வரி வேண்டாம். இதைக் கோர்ட்டில் வாசிப்பார்கள். முனவர் பேகம் வந்து உட்கார்ந்திருப்பாள், நஞ்சம்மாளும் மற்றவர்களும் வருவார்கள். படித்துக்கொண்டே தூங்கிப்போய்விட்டாள், அவளுக்கு எதுவுமே தெரியாது என்று போட்டுக்கொள்ளுங்கள். கேட்கிறவர்கள் மனசு ஆற வேண்டும். அதற்காகத்தான் சொல்கிறேன், எனக்காக இல்லை.